சிவப்புப் பொட்டு இருந்த பக்கம்

அந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நாளில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஈப்போ பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்து, மூன்று கோப்பி குடித்து, மத்தியானம்வரை ஆத்திரத்தை ஆற்றிக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பிரிக்கும்போது எல்லாரும் கை தட்டுவார்கள். நானும் தட்ட வேண்டியிருக்கும். அது என்னால் ஆகாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் வேலை பார்த்தது ஒரு சின்னக் கண் மருத்துவமனை. நகரத்து வியாபாரிகள் சிலர் கமிட்டி போட்டு நடத்திய தரும ஆஸ்பத்திரி. இப்போது அந்தக் கட்டடத்தில் டயர் விற்கிறார்கள். அங்கே என் வேலை, கண்ணுக்குள்ளே படம் எடுப்பது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியவைத்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, பெரிய கேமராவை நேரே கொண்டுவந்து, உள்ளே இருக்கும் விழித்திரையைப் படம் பிடிக்கவேண்டும். அசையாமல் இருங்க, அசையாமல் இருங்க என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேன் என்று எனக்கே தெரியாது. பாரிட் புந்தார் வயல்காரர்கள் வருவார்கள், லூமுட்டிலிருந்து மீனவர்கள் வருவார்கள், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வேலை போனவர்கள் நிறையப் பேர் வருவார்கள். நானும் ரப்பர் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன்தான். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கவேண்டிய வயதில் தப்பித்து ஈப்போவுக்கு ஓடிவந்தவன்.

கண்ணுக்கு வருவதற்கு முன்னால், எழுபதுகள் முழுக்க, ஒரு சீனர் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவில் இருந்தேன். அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம். கல்யாணப் பெண்ணின் நெகட்டிவில் பருவை மறைப்பது என் பொறுப்பு. நெகட்டிவுக்கு இரண்டு பக்கம் உண்டு: ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். பளபளப்பில் பென்சில் ஒட்டாது. அதனால் மங்கல் பக்கத்தை மேலே வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டு வருவோம். அவசரத்தில் பக்கம் மாறிவிடக்கூடாது என்பதற்காக மங்கல் பக்கத்து ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவிடுவேன். அந்தப் பக்கமாகப் பார்த்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் தெரியும். பென்சில் வேலைக்கு அது பரவாயில்லை. பிரிண்டு போடும்போது திருப்பிக்கொள்வோம்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் கை அதே கைதான். கண் படங்களின் நெகட்டிவைத் தனித்தனியாக வெட்டி அட்டைச் சட்டத்தில் போட்டு, மங்கல் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவேன். விளக்குப் பெட்டியில் வைத்துப் படிக்கும்போது பொட்டைக் கீழே கவிழ்த்து வைப்பேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. சட்டத்தின் மேல் நோயாளி நம்பரை மட்டும் எழுதுவேன். வலது கண், இடது கண் என்று எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை. கண்ணுக்குள்ளே நரம்பு வந்து சேரும் வட்டம் படத்தில் வலப்பக்கம் இருந்தால் வலது கண், இடப்பக்கம் இருந்தால் இடது கண். பார்த்த உடனே தெரிகிற விஷயத்தை எதற்கு எழுதுவது?

விழித்திரை பல அடுக்குகளாக இருக்கிறது. மேல் அடுக்கில் நரம்பு நார்கள் வளைந்து வளைந்து ஓடி அந்த வட்டத்துக்குள் போகும். சிவப்பை வடிகட்டிப் பச்சை வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால்தான் அவை தெரியும், எண்ணெய் வைத்துச் சீப்பால் வாரிய நரைமுடி மாதிரி. கண்ணில் நீர் அழுத்தம் ஏறினால் அந்த நார்கள் சாகத் தொடங்கும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, நன்றாகப் பார்க்கிறேன் என்றுதான் சொல்வார். ஆனால் படத்தில் நார் இல்லாத இடம் ஒரு பட்டையாகத் தெரியும். நெகட்டிவில் அது வெளுப்பு. அந்த வெளுப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. பருவைத் தேடித் தேடிப் பழகிய கண் இல்லையா. டாக்டர் படத்தைக் கையில் எடுத்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார். "இதுல என்ன தெரியுது, சொல்லுங்க" என்பார். நான் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதுவார். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த "சொல்லுங்க"வுக்காகவே நான் உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் அவன் வந்தான். கமிட்டியில் இருந்த ஒரு செட்டியாருடைய தம்பி மகன். இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தான். பெரியப்பா அவனுக்காகவே கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தார் என்று எல்லாருக்கும் தெரியும், ஆஸ்பத்திரிக்கு நன்கொடை என்று பலகையில் எழுதினார்கள். விளக்குப் பெட்டிக்கு மேலே ஒரு கேமரா. அது நெகட்டிவைப் பார்க்கும். கம்ப்யூட்டர் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்று எண்ணி, நரம்பு வட்டத்தைச் சுற்றி எங்கே நார் அடுக்கு மெலிந்திருக்கிறது என்று கோடு போட்டுத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும். வலதா இடதா என்பதைக்கூட வட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து அதுவே எழுதிவிடும். அதை அப்படி எழுதவைத்தவன் அவன்தான்.

அவனுடைய அறைக்குக் குளிர்சாதனம் போட்டார்கள். சூடு பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம். என் இருட்டறையில் காற்றாடி ஓடாமல் நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. நான் கெட்டுப்போவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கோலாலம்பூரிலிருந்து யாராவது வந்தால் டாக்டர் நேரே அவனிடம் கூட்டிக்கொண்டு போவார். ஒரு தடவை வழியில் என்னைப் பார்த்துவிட்டு, "இவர்தான் படம் எடுப்பவர்" என்றார். படம் எடுப்பவர். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. காலையில் வந்தவுடன் "அண்ணே, கோப்பி குடிச்சீங்களா?" என்பான். வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் முதல் டப்பா எனக்குத்தான். இருட்டறையில் காற்றாடி ஓடவில்லை என்று கமிட்டிக்குக் கடிதம் எழுதியதே அவன்தான். காற்றாடி வந்தது. அது சுற்றும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. நாலு வருடம் நான் வாயால் கேட்டு வராதது, அவன் ஒரு காகிதத்தில் எழுதினால் ஒரே வாரத்தில் வருகிறது.

வேலை தொடங்கி இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, கையில் சட்டங்களை வைத்துக்கொண்டு என் இருட்டறை வாசலில் வந்து நின்றான். நான் படச்சுருளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இந்தச் சிவப்புப் பொட்டு மேல பார்த்து இருக்கணுமா, கீழயா?"

நியாயமான கேள்வி. அதற்குக் கீழே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. இங்கிலாந்தில் படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒரு குஷி. நான் திரும்பிப் பார்க்காமல் "ம்ம்" என்றேன்.

"மேலதானே அண்ணே?"

"ம்ம்" என்றேன் மறுபடியும்.

வாய்தவறி வந்த ம்ம் இல்லை அது. எனக்குத் தெரியும். மேலே வைத்தால் படம் இடம் வலமாக மாறும், வலது கண் இடது என்று பதிவாகும், இடது கண் வலது என்று பதிவாகும், இரண்டு நாளில் டாக்டர் கண்டுபிடிப்பார், அவன் முகத்தில் அசடு வழியும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். இரண்டு நாள் கூத்து என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாளில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் தாள்கள் எல்லாம் அப்போது சும்மா பரீட்சித்துப் பார்க்கத்தான், தனியாக ஒரு கோப்பில் போய்ச் சேர்ந்தன. யாரும் அவற்றை நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒரு வாரம் போனது. இனிமேல் சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்கள். இன்னொரு வாரம் போனது. சொல்வது இன்னும் கஷ்டமானது. பிறகு நான் அதைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் அறையைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அக்கா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி ரப்பரை அழித்துச் செம்பனை நட்டவுடன், கமுந்திங்கில் பேக்டரி வேலை செய்யும் மகனிடம் போய்ச் சேர்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் அழுத்தம். மருந்துக்கு அடங்கவில்லை. அறுவை செய்து நீருக்கு வடிகால் வைக்கவேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே தடவையில் செய்யமாட்டார்கள். முதலில் அதிகம் கெட்ட கண், மற்றது பல மாதம் கழித்து. எது அதிகம் கெட்டது என்பதுதான் கேள்வி. உள்ளே பார்த்தால் இரண்டு நரம்பு வட்டமும் ஒரே மாதிரிக் குழிந்திருந்தன. பார்வைப் பரப்பைச் சோதிக்கும் கருவியில் உட்காரவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்குங்கள் என்றார்கள். அவர் தெரிந்தாலும் அமுக்கினார், தெரியாவிட்டாலும் அமுக்கினார். அமுக்காவிட்டால் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்களே என்ற பயம். அந்தத் தாள் எதற்கும் உதவவில்லை.

படம் நான்தான் எடுத்தேன். இடது கண்ணில், வட்டத்துக்குக் கீழே, ஒரு நெல்மணி அகலத்துக்கு வெளுப்பு. வலது கண் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. சட்டத்தில் போட்டு, பொட்டு வைத்து அனுப்பினேன். முன்பெல்லாம் டாக்டர் கூப்பிட்டுக் கேட்பார். இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்காததில் வந்த கோபத்தில் நானாகவும் போய்ச் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த அக்கா நடைபாதை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த அட்டையை நீட்டினார்.

"தம்பி, வியாழக்கிழமை ஆப்பரேசனாம். வலது கண்ணாம். எனக்கு வலது கண்ணு நல்லாத்தானே இருக்கு? இடதுலதான் கொஞ்சம் மங்கலா இருக்கு. நர்சம்மாக்கிட்ட கேட்டேன். கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுதுன்னாங்க. கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்லா?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். வலது என்று டைப் அடித்திருந்தது. நல்ல கண்ணை அறுப்பார்கள். கெட்ட கண் மாதக்கணக்கில் காத்திருக்கும். காத்திருக்கும்போதே இருண்டுவிடும். டாக்டர் அந்தத் தாள்களை நோயாளிக் கோப்பில் வைக்கத் தொடங்கியது எனக்குத் தெரியாது. என்னிடம் யார் சொல்கிறார்கள்?

"இங்கயே இருங்கக்கா. வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முதலில் இருட்டறைக்குத்தான் போனேன். சட்டத்தைத் திருப்பி வைத்து, ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி தாள் எடுக்கச் செய்தால் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடாதா என்று யோசித்தேன். ஆகாது. ஆப்பரேசன் பட்டியலில் டாக்டர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நேரே அவரிடம் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. சட்டங்களை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் மட்டும் அடித்துக்கொண்டது என்று எழுதினால் அது பொய். செத்தான் இன்றைக்கு என்ற சந்தோஷமும் அதில் இருந்தது. ஒரு மனுஷியின் கண் போகப்போகிறது. எனக்கு அந்தச் சந்தோஷமும் வருகிறது. அப்படி ஒரு பிறவியாக இருந்தேன்.

விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினேன். பொட்டு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை அவரே திருப்பிப் பார்த்தார். பிறகு பட்டியலை இழுத்து, வலது என்பதை அடித்து, இடது என்று எழுதினார். அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவன் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தான். டாக்டர் விளக்குப் பெட்டியைக் காட்டினார். அவன் சட்டத்தைப் பார்த்தான். பொட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"யாரைக் கேட்டு இந்தப் பக்கமா வச்சீங்க?" என்றார் டாக்டர்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல் கதவுவரை போயிருந்தது. இப்போது சொல்லப்போகிறான், அண்ணனைத்தான் கேட்டேன் என்று சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"யாரையும் கேக்கல டாக்டர். நானா நெனச்சுக்கிட்டேன். என் தப்புதான்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. டாக்டர் அவனைத் திட்டினார். நல்ல திட்டு. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். திட்டி முடித்தபின் டாக்டர் என் தோளைத் தட்டி, "நல்ல வேளை நீங்க பார்த்தீங்க" என்றார். அந்தத் தோளை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்தத் தட்டு இனிக்கவும் செய்தது.

அன்றே நானும் நர்சும் உட்கார்ந்து கோப்பு கோப்பாகப் பார்த்தோம். கம்ப்யூட்டர் தாளை நம்பிப் பட்டியலுக்குப் போனது அந்த அக்கா ஒருவர்தான். வியாழக்கிழமை இடது கண்ணில் அறுவை நடந்தது. பழைய தாள்கள் அத்தனையையும் அவன் முதலிலிருந்து மறுபடி எடுத்தான். மூன்று வாரம் ஆனது. இனிமேல் என் கையெழுத்து இல்லாமல் கம்ப்யூட்டர் தாள் எதுவும் வெளியே போகக்கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். நான் ஆசைப்பட்டதற்கும் மேலே கிடைத்துவிட்டது. குளிர்சாதன அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

அதில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தப்பை ஏற்றுக்கொள்வதற்கும் வசதி வேண்டும் என்று நினைத்தேன். அவன் என் தப்பு என்று சொல்லலாம். சொன்னால் பெரியப்பா நாலு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். ராத்திரி சாப்பாடு வீட்டில் இருக்கும். நான் சொன்னால் வேலை போகும். அப்புறம் எங்கே போவது, யார் கூப்பிட்டு இதில் என்ன தெரிகிறது என்று கேட்பார்கள்? இப்படி எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்ற நிற்பு இருக்கிறதே, அது பணத்தால் வந்தது இல்லை என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரைப் பார்த்து எரிந்ததைவிட அதைப் பார்த்து அதிகம் எரிந்தேன்.

ஒரு நாள் நாங்கள் இருவர் மட்டும் அறையில் இருந்தோம். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, அன்னைக்கு நான் ரெண்டு தடவ கேட்டேனே. உங்க காதுல விழுந்துச்சா?"

பொய் சொல்ல நல்ல இடம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான், அல்லது நம்புவதாகக் காட்டியிருப்பான்.

"விழுந்துச்சு" என்றேன்.

"சரிண்ணே" என்றான். அடுத்த சட்டத்தை எடுத்து, பொட்டைக் கீழே கவிழ்த்து வைத்தான். அதற்குமேல் என்றைக்கும் அவன் அதைப் பேசவில்லை. மறுநாள் காலையில் கோப்பி குடித்தீர்களா என்று வழக்கம்போலக் கேட்டான்.

ஒரு மாதம் கழித்து அந்த அக்கா மகனோடு வந்தார். இடது கண்ணில் அழுத்தம் இறங்கியிருந்தது. இருந்த பார்வை அப்படியே நிலைத்துவிட்டது, போனது போனதுதான், இனிமேல் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நர்சு முழுக் கதையையும் அவரிடம் சொல்லிவிட்டிருந்தாள், தனக்குத் தெரிந்த கதையை. அவர் கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு தம்பி எங்கண்ணைக் காப்பாத்துனது?"

அவன் நாற்காலியைச் சுழற்றி என்னைக் காட்டினான். "அண்ணன்தாம்மா. அவரு பாக்கலேன்னா சுசா ஆயிருக்கும், கஷ்டமாப் போயிருக்கும்."

அதில் ஒரு குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். நிஜமாகவே தேடினேன், இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. அந்த அக்கா என் பக்கத்தில் வந்தார். வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்துப்போன இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்து, தன் நெற்றியோரம் கொண்டுபோய் விரல்களை மடக்கி நெட்டி முறித்தார். படபடவென்று பத்து விரலிலும் நெட்டி முறிந்தது.

"இந்தக் கண்ணு மேல ஒருத்தன் பொறாமையும் படக்கூடாது சாமி. எந்தப் பாவி கண்ணும் படக்கூடாது" என்றார்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்த அக்கா கட்டைக் குட்டை, எட்டவில்லை என்று இன்னொரு தடவை கையைத் தூக்கினார். நான் நன்றாகக் குனிந்து கொடுத்தேன்.